தப்படியும் ஒரு பழைய கணினியும்

இலக்கியத் தொடர் ஒன்றில் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் இன்றைய கணினி அல்ல. நாற்பது வருடங்களுக்கு முன் ஜப்பானின் யமஹா நிறுவனம் செய்து விற்ற ஒரு வீட்டுக் கணினி. அதில் ஓடுகின்ற, இசையை எழுதி வாசிக்கச் செய்யும் ஒரு மென்பொருள். இரண்டும் கடைகளை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. ஆனால் அட்டனுக்குப் பக்கத்தில், என் வீட்டு முன்னறையில், அது இப்போதும் ஓடுகிறது. நமது தோட்டங்களின் தப்படிகளை அதில் எழுதிப் பார்த்து வருகிறேன். ஆகவே, இது இந்தத் தொடருக்குப் புறம்பான விடயமன்று என்றே எண்ணுகிறேன்.

1914-இல் பூண்டுலோயா, மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1984-இல் மறைந்த சி.வி. வேலுப்பிள்ளையை நேயர்கள் அறிவீர்கள். மலைநாட்டு மக்கள் பாடல்களை அவர் கேட்டுத் தொகுத்து நூலாக்கியிராவிட்டால், நமது தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் எத்தனையோ நம் கைக்கு வந்திரா. அந்த உழைப்புக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அச்சில் ஏறியது சொல். அந்தச் சொல்லைச் சுமந்து நடந்த அடி அச்சில் ஏறவில்லை. காமன் கூத்துப் பாட்டின் வரிகளை ஒரு புத்தகத்தில் பார்த்துப் படித்துவிடலாம். ரதியும் மன்மதனும் களத்துக்கு வரும்போது தப்பு என்ன அடித்தது, காமன் எரியும் இரவில் அது எப்படி மாறியது என்பதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? அது சில கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.

ஒலிப்பதிவு செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒலிப்பதிவு வேண்டும், அவசியம் வேண்டும். நானும் செய்கிறேன். ஆனால் நான்கு தப்புகள் ஒன்றாக முழங்கும் பதிவை வைத்துக்கொண்டு, அதில் இரண்டாவது ஆள் என்ன அடித்தான் என்று ஒரு பையன் கற்றுக்கொள்ள முடியாது. பாடலைக் கேட்பது வேறு, பாடலின் எழுத்தைப் பார்ப்பது வேறு. தாளத்துக்கும் அப்படித்தான்.

இனி அந்தக் கணினிக்கு வருகிறேன். அதன் பெயர் தெரியாதவர்களும் அதன் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். 1986 தீபாவளிக்கு வெளியான 'புன்னகை மன்னன்' படம் நினைவிருக்கும். கே. பாலசந்தர் இயக்கம், வைரமுத்து பாடல்கள், இளையராஜா இசை. அந்தப் படத்தின் இசையில் இளையராஜா பயன்படுத்தியது யமஹா சீ.எக்ஸ்.5.எம். என்ற கணினியை. கமல்ஹாசனும் ரேவதியும் ஆடும், சொல்லே இல்லாத அந்த இசைத் துண்டு வானொலியில் வந்தபோது, மின்சாரம் எட்டிப் பார்க்காத லயங்களில் பெட்டரி ரேடியோவைச் சுற்றிப் பையன்கள் ஆடிக் கிடந்த காலம் அது. கணினி என்றால் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத பொருளின் குரலுக்கு ஆடினோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். அந்தப் படத்தில் ரேவதி ஏற்றது, இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்க வந்த ஒரு சிங்களப் பெண்ணின் பாத்திரம். 1983 ஜூலைக்கும் அந்தப் படத்துக்கும் இடையில் மூன்றே வருடங்கள். லயங்கள் எரிந்த வாடை எங்கள் தோட்டங்களில் முற்றாகப் போயிராத நேரத்தில், ஒரு தமிழ்ப் படத்துக் காதலன் சிங்களப் பெண்ணைக் குயிலென்று அழைத்துப் பாடிய பாட்டை நாங்கள் இங்கிருந்து கேட்டோம். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஆளே இரண்டையும் செய்தார். இது தனியே பேசவேண்டிய கதை. விடுகிறேன்.

இளையராஜாவுக்கும் தேயிலை மலைக்கும் உள்ள உறவு பலருக்கு மறந்துபோயிருக்கும். பண்ணைப்புரத்துப் பையனாக, பதினான்கு வயதில் அவர் சேர்ந்தது தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் பாட்டுக் குழுவில். 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றபோது, தோட்டத் தொழிலாளரிடையே பாவலரின் பாட்டு செய்த வேலையைப் பற்றி இன்றும் பேசுவார்கள். மூணாற்றுத் தோட்டங்களும் நமது தோட்டங்கள் போன்றவையே. அதே லயம், அதே கங்காணி, அதே தமிழ். அந்தக் குழுவில் வளர்ந்தவர் 1968-இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை எழுதப் படித்தார். 1976-இல் 'அன்னக்கிளி'. அதற்குப் பத்து வருடம் கழித்து இந்தக் கணினி.

சீ.எக்ஸ்.5.எம். 1984-இல் வெளிவந்தது. அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் எம்.எஸ்.எக்ஸ். என்ற ஒரே பொதுவிதிப்படி வீட்டுக் கணினிகள் செய்தன. 1983-இல் அந்த விதியை அறிவித்தவை மைக்ரோசொஃப்டும் ஜப்பானின் அஸ்கி நிறுவனமும். யமஹா தன் பங்குக்குச் செய்த கணினியில், மற்றவற்றில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது. எஃப்.எம். முறையில் ஒலியை உண்டாக்கும் ஒரு தனிப் பகுதி. அதிலுள்ள வை.எம்.2151 என்ற சில்லு ஒரே நேரத்தில் எட்டுக் குரல்களை எழுப்பும். கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று மெகாபைட் என்றால், அந்தப் படத்தை வைக்க இப்படிப்பட்ட நூறு கணினிகள் வேண்டும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் இருந்துதான் அந்த இசை வந்தது.

எஃப்.எம். என்றதும் நமது பண்பலை வானொலியை நினைப்பீர்கள். அடிப்படை ஒன்றே. ஓர் அலையின் அதிர்வை இன்னோர் அலையால் அசைப்பது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்பவர் 1967-இல் இதைக் காதுக்குக் கேட்கும் அலைகளில் செய்து பார்த்தார். அசைக்கும் அலை மிக விரைவானபோது, நடுங்கும் ஒலி மறைந்து புதியதொரு நாதமே பிறந்தது. அமெரிக்க ஓர்கன் நிறுவனங்கள் இதை வேண்டாமென்று தள்ளிவிட, யமஹா வாங்கிக்கொண்டது. 1983-இல் வந்த டி.எக்ஸ்.7 கீபோர்டின் வழியே உலகமெங்கும் பரவியது. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் மணியும் கண்ணாடியும் கலந்தாற்போல ஒரு நாதம் வருமே, அதன் பிறப்பிடம் இதுதான்.

மென்பொருளோ, ஒரு காட்ரிஜில் வரும். அதைக் கணினியின் மேலுள்ள துளையில் செருகி மின்சாரத்தைப் போட்டால், தொலைக்காட்சித் திரையில் ஐந்து கோடுகள் வரும். மேனாட்டு இசையை எழுதும் அதே ஐந்து கோடுகள். அதில் ஒவ்வொரு சுரமாக எழுத வேண்டும். எந்தச் சுரம், எவ்வளவு நீளம், எத்தனை ஓய்வு. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த குரலுக்குப் போய் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். எட்டுக் குரலும் எழுதி முடிந்தபின் வாசிக்கச் சொன்னால் வாசிக்கும். நீங்கள் கீபோர்டில் சாவகாசமாக வாசிக்க, அது பார்த்துக்கொண்டிருந்து பதிவு செய்யும் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதத் தெரியாதவனுக்கு அந்த மென்பொருள் ஒன்றுமே செய்து தராது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்றால் பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும் என்ற எண்ணம் அன்று எங்கும் இருந்தது. இன்றும் இருக்கிறது. கையில் வாத்தியமில்லாமல், முழு வாத்தியக் குழுவுக்கும் தாளில் சுரம் எழுதுபவர் என்று பெயரெடுத்த ஒருவரின் கைக்கு இந்தக் கணினி போனது தற்செயலாக இருக்கலாம். பொருத்தமான தற்செயல். அந்த எந்திரம் கேட்டதும் அதைத்தான், எழுத்தை.

என்னிடமுள்ள கணினி லண்டனில் வசிக்கும் உறவினர் ஒருவர் வாங்கி அனுப்பியது. பிரித்தானியாவில் விற்ற மாதிரி என்பதால் நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கு நேரே பொருந்தியது. ஜப்பானில் விற்ற மாதிரியாக இருந்தால் 100 வோல்ட்டுக்கு மாற்றும் பெட்டி ஒன்று வேண்டியிருக்கும். அங்கும் இங்கும் தொலைக்காட்சி முறை 'பால்' என்பதால், மூலையில் கிடந்த பழைய பெட்டி டீவியின் அன்ரனாத் துளையில் கம்பியைச் செருகியதும் படம் வந்தது. ஆனால் அட்டனின் மூடுபனிக்கு அது தயாராக வரவில்லை. இரண்டாம் மாதமே விசைகளில் பாதி வேலை செய்யவில்லை. காட்ரிஜின் பித்தளைப் பற்களில் பச்சை படிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மீண்டும் ஓடும். அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வானொலி திருத்தும் கடைக்காரர் ஒருவர், மின்வழங்கிப் பகுதியிலிருந்த ஊதிப்போன மின்தேக்கிகளை மாற்றித் தந்தார். 'இந்தச் சாமானுக்கு நானும் இதுவும் ஒரே வயசுதான் சேர்' என்றார்.

எழுதியதைச் சேமிக்க கசெட்தான் வழி. நாம் பாட்டுக் கேட்ட அதே கசெட். விநாடிக்கு 1200 பிட் வேகத்தில், கீச்சென்று ஊளையிட்டுக்கொண்டு பதியும். பதிந்ததைத் திரும்ப ஏற்றும்போது ரேப் ரெக்கோடரின் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கணினி ஏற்காது. சிறு திருப்புளியால் அந்தத் தலையின் திருகாணியைத் திருகி, ஊளை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். கசெட் நாடாவில் இந்த ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறேன்.

மின்சாரம் போனால், கசெட்டில் ஏறாத எழுத்து எல்லாம் போய்விடும். 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், எந்த நேரத்தில் போகும் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்து, அதற்குள் எழுதி, அதற்குள் பதிந்து முடித்தேன்.

தப்புக்கு வருவோம். மரவளையத்தில் தோல் போர்த்த வாத்தியம். இடுப்புக்கு மேலே தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி, மறுகையில் குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். நமது பனிக்குத் தோல் நொடியில் தளர்ந்துவிடும். மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் தப்புதான். மணமக்களை அழைத்ததும், பிணத்தை வழியனுப்பியதும், சாமியை இறக்கியதும் தப்புதான். அதே தோல், அதே இரண்டு குச்சி. அடி வேறு.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். அவரை நான் மாமா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போய்க் கேட்டு, கைத்தொலைபேசியில் பதிந்து, வீட்டுக்கு வந்து எழுதுவேன். முதலில் குரல் செய்ய வேண்டியிருந்தது. கணினியில் ஏற்கனவே உள்ள குரல்களில் தப்பு இல்லை, இருக்கவும் நியாயமில்லை. குரல்களைத் திருத்தி அமைப்பதற்கு யமஹா இன்னொரு காட்ரிஜ் விற்றது. அதைச் செருகினால், ஒவ்வொரு குரலுக்குள்ளும் நான்கு அலைகள் ஒன்றையொன்று எப்படி அசைக்க வேண்டும் என்று சொல்லலாம். அலைகளின் விகிதம் முழு எண்ணாக இருந்தால் குழலும் நரம்பும் போன்ற நாதம். இந்தச் சில்லில் 1.41, 1.57, 1.73 என்று முழுமையற்ற விகிதங்களும் கிடைக்கும். அப்போது நாதம் உடைந்து உலோகமாகவும் தோலாகவும் மாறும். அடிக்குச்சிக்கு 1.41-ஐக் கொண்டு ஒரு கனத்த அடியும், சிம்புக்கு 1.73-ஐக் கொண்டு சட்டென்று சாகும் ஒரு சொடுக்கும் அமைந்தன. ஒரு காட்ரிஜைக் கழற்றி மற்றதைச் செருக வேண்டுமானால் கணினியை அணைக்க வேண்டும். அணைத்தால் செய்த குரல் போய்விடும். ஆகவே, அதையும் முதலில் கசெட்டில் பதிந்து, பிறகு ஏற்ற வேண்டும். ஒரு தப்புக் குரலுக்கு இப்படி மூன்று இரவுகள் போயின.

எட்டுக் குரல் என்பதால் ஒரு தப்புக்கு இரண்டு வீதம் நான்கு தப்பு எழுதலாம். ஆறு எண்ணிக்கையில் சுழலும் ஓர் அடியை முதலில் எழுதினேன். ஒன்றிலும் நான்கிலும் அடிக்குச்சி, இடையில் சிம்பு. கேட்டால் எண்ணிக்கை சரி. கணினியைப் பெட்டியில் கட்டி, டீவியோடு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாக முழுவதும் கேட்டார்.

'மிஷினு தப்பில்லாமத்தான் அடிக்குது தம்பி,' என்றார். 'ஆனா இதுக்கு ஒருத்தனும் எந்திரிச்சு ஆட மாட்டான்.'

ஏன் என்று கேட்டேன். வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. குச்சியை எடுத்து அடித்தார். தானே நிறுத்தி மறுபடி அடித்தார். 'இந்தா, இங்க கொஞ்சம் முந்திக்கிட்டு வரணும். கால் தூக்குறவனுக்கு எடம் விடணும்ல.'

அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பது. கைத்தொலைபேசிப் பதிவைப் புதிய கணினியில் போட்டு அலைவடிவத்தைப் பெருக்கிப் பார்த்தால், ஆறு எண்ணிக்கையும் சம தூரத்தில் இல்லை. மூன்றாவது சிம்படி தன் இடத்துக்கு வருமுன்பே விழுகிறது. நூறில் சில பங்கு விநாடி. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு சுழற்சியிலும். ஆட்டம் ஏறும்போது இன்னும் முந்துகிறது. அடங்கும்போது பின்வாங்குகிறது. கை நழுவல் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு ஒழுங்கு.

பழைய மென்பொருளுக்கு இது புரியாது. அதற்குத் தெரிந்தவை முழுமை, பாதி, கால், அரைக்கால். அவற்றுக்கு இடையில் விழும் அடியை அதில் எழுத ஒரே வழி, வேகத்தைக் கூட்டி, எல்லா அடியையும் அதற்கேற்ப நீட்டி எழுதுவது. அப்போது கட்டங்கள் நெருக்கமாகும். மூன்றாவது அடியை ஒரு சிறு கட்டம் முன்னே தள்ளலாம். ஆனால் ஒரு சுழற்சிக்கு ஆறு குறி எழுதிய இடத்தில் இப்போது இருபது, முப்பது குறி. நினைவகம் 32 கிலோபைட் என்று முன்னே சொன்னேன். அது விரைவில் நிறைந்து, இடமில்லை என்று நின்றுவிடும். ஆகவே எங்கே முந்த வேண்டும், எங்கே சமமாக விடலாம் என்று ஒவ்வோர் அடியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இடம் இல்லாததனால் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைய மென்பொருளில் இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. எவ்வளவு நுட்பமாகவும் நகர்த்தலாம். அப்படியிருக்க ஏன் இந்தப் பழைய சாமானோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று மகன் கேட்கிறான். புதியதில் பெரியவரின் பதிவையே ஒரு துண்டு வெட்டி, நூறு தடவை ஒட்டி, முழு இரவுக் கூத்துக்கும் ஓட விட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் அந்த அடி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே எழாது. பழையதில் வெட்டி ஒட்டப் பதிவே கிடையாது. என்ன அடிக்கப்பட்டது என்று தெரியாமல் ஒரு அடியைக்கூட எழுத முடியாது. எனக்கு வேண்டியது அந்தக் கட்டாயம்.

இங்கே இன்னொரு சங்கடம் இருக்கிறது. கணினியிலே எழுதிய எழுத்து அந்தக் கணினியோடு போய்விடக்கூடியது. ஒரு மென்பொருளில் எழுதிய இசையை இன்னொன்றில் திறப்பதற்கான பொதுவான கோப்பு வடிவம் 1988-இல்தான் வந்தது. வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் மிடி என்ற விதி அதற்கு முன்பே, 1983-இல் வந்துவிட்டது. இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஐந்து முள் கொண்ட ஒரு கம்பியால் இணைத்தால் ஒன்றை அழுத்த மற்றது பாடும். நொடிக்கு 31,250 பிட் போகும் அந்தக் கம்பியில் ஒரு சுரத்தின் செய்தி போக ஆயிரத்திலொரு விநாடி. அது வாசிப்பைக் கடத்தியதே தவிர, எழுத்தைக் கடத்தவில்லை. 1986-இல் இந்தக் காட்ரிஜில் எழுதிய ஒன்றை இன்று திறக்க, இதே காட்ரிஜ் வேண்டும், அல்லது அதைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ். என்று அப்படியொன்று இலவசமாகவே கிடைக்கிறது. யமஹாவின் அந்த ஒலிப்பகுதியையும் அது நடித்துக் காட்டும். என் கணினி பனியில் படுத்துக்கொள்ளும் நாட்களில் மகனின் மடிக்கணினியில் அதைத்தான் ஓட்டுகிறேன். இருந்தாலும், திரையில் முடித்த ஒவ்வோர் அடியையும் பள்ளிக்கூட இசைக் கொப்பியில் பேனாவால் பார்த்தெழுதி வைக்கிறேன். கசெட்டைவிடத் தாளை நம்புகிறேன்.

கணினி வந்ததனால் வாத்தியக்காரரின் பிழைப்புப் போயிற்று என்ற குற்றச்சாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாகாது. சென்னையில் அது நடந்தது. இளையராஜாவிடம் திலீப் என்ற பெயரில் கீபோர்ட் வாசித்த இளைஞர், 1989-இல் வீட்டுக்குப் பின்னே சொந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, 1992-இல் ஏ.ஆர். ரஹ்மானாக 'ரோஜா'வைத் தந்தபோது, நாற்பது பேர் வயலினோடு அமர்ந்த கூடங்களின் காலம் சரியத் தொடங்கிவிட்டது. இங்கேயும் திருவிழா மேடைகளுக்குக் கீபோர்ட் வந்தது. அதன் உள்ளே தயாராக இருக்கும் தாளம் ஒன்றை அழுத்திவிட்டால், மேளத்துக்கும் தப்புக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தப்பு ஒதுங்கியதற்குக் கீபோர்ட் மாத்திரம் காரணமென்று சொன்னால், நாம் நமக்கே பொய் சொல்கிறோம். தப்பு அடிப்பவனைச் சாதியைச் சொல்லி வாசலில் நிறுத்தினோம். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டோம், சாப்பாட்டுக்குப் பந்தியில் கூப்பிடவில்லை. மாமாவுக்கு இரண்டு மகன்மார். ஒருவர் கொழும்பில் கடையில், ஒருவர் வெளிநாட்டில். இருவருக்கும் அடிக்கத் தெரியும். இருவரும் தொடமாட்டார்கள். 'அவனுங்க சொல்றது சரிதான் தம்பி,' என்கிறார். 'எனக்குக் கெடைச்ச மரியாதய பாத்துத்தானே அவனுங்க வளந்தானுங்க.' இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அண்மைக் காலமாகப் பாடசாலைகளிலும் மேடைகளிலும் இளைஞரும் யுவதிகளும் தப்பைப் பெருமையோடு எடுத்து அடிக்கிறார்கள். கண்ணுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் அடிப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து காணொளிகளில் பார்த்துக் கற்ற பறையடிகள். அவை நல்ல அடிகள்தாம். நம்முடைய அடி வேறு. மலையக மக்கள் வந்த இருநூறாவது ஆண்டைக் குறித்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்தப் பாதையில் நம் மூதாதையர் கொண்டுவந்து, இந்தப் பனியில் காய்ச்சிக் காய்ச்சி மாறிப்போன அடி. அதை வைத்திருப்பவர் வீட்டுக்கு ஒரு பஸ் பிடித்தால் போகலாம்.

மாமாவின் பேரன் ஒருவன், பதின்மூன்று வயது. கணினி என்றதும் வந்து உட்கார்ந்தான். திரையில் கோட்டின்மேல் தன் தாத்தாவின் அடி குறிகளாக நகர்வதைப் பார்த்து, 'இது என்னா, இங்க மாத்திரம் தள்ளி நிக்குது?' என்று கேட்டான். அந்த முந்தும் அடியைத்தான் அவன் விரலால் தொட்டது. கிழவர் குச்சியை அவன் கையில் கொடுத்தார். அடித்துக் காட்டச் சொன்னார். முதலில் கணினி அடிப்பதைப் போலச் சமமாக அடித்தான். 'அது மிஷினு. நீ மனுசன்ல, முந்து' என்றார். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒரு தடவை முந்தியது. பிறகு வெகுநேரம் வரவில்லை.

இதுவரை நான்கு அடிகள் எழுதி முடிந்திருக்கின்றன. பெரட்டுக்கு எழுப்பும் அடி, கல்யாண அழைப்பு, சாமி இறக்கும் அடியில் ஒரு பகுதி, காமன் கூத்தில் கம்பம் ஊன்றும் நாளில் அடிப்பது. சாவு அடியை வீட்டுக்குள் வைத்து அடிக்க மாமா மறுத்துவிட்டார். தேயிலைக்குள் இறங்கிப் போய், லயத்துக்குக் கேளாத தூரத்தில் நின்று அடித்துக் காட்டினார். அது பாதியில் நிற்கிறது. காமன் எரியும் இரவுக்குரிய அடியை எந்த இடத்திலும் அடிக்க முடியாதாம், அந்த இரவில் மாத்திரமே அடிக்கலாமாம். மாசி வரும்வரை காத்திருக்க வேண்டும். உறை பிரிக்காத கசெட் இரண்டு வைத்திருக்கிறேன். ஒலிவாங்கி ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். பேரனையும் அன்று கூட்டத்தில் நிறுத்திவைப்பதாக மாமா சொல்லியிருக்கிறார்.